தலைமாட்டில் யார், கால்மாட்டில் யார்

குடும்பப் புகைப்படங்களைத் துணியில் அச்சடித்துப் போர்வை தைக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கடையில் அச்சடிக்கலாம் என்றுதான். யார் போர்த்திக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். 2019-இல் சென்னையில் நடந்த இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவலில் வைத்திருந்தவை நின்று பார்ப்பதற்கான போர்வைகள். அந்தக் கலை பெரிது, வேறு. நாம் தைப்பது போர்த்தி, துவைத்து, காயப்போட்டு, மறுபடி போர்த்துவதற்கு. கீழே சொல்வதையெல்லாம் அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

1. தையலுக்கு முன்னால் படங்களைக் காப்பாற்றுங்கள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. பக்கத்து முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அலமாரியின் அடித்தட்டில் இருந்த கல்யாண ஆல்பங்கள் எத்தனையோ போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே தெருக்களில் மறுபடி தண்ணீர். நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் காயவிட்டுப் பிய்க்காதீர்கள். மேலே உள்ள ஜெலட்டின் படலத்தோடு முகமும் உரிந்துவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தானாக விலகும்வரை பொறுத்து, படம் மேலே தெரியும்படி நிழலில் உலர்த்துங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை எடுக்கவே முயல வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஓரத்தில் வெள்ளக்கறை இருந்தால் அதை கம்ப்யூட்டரில் அழிக்கச் சொல்லமாட்டேன். அந்த வீட்டுக்கு அதுவும் நடந்ததுதானே?

2. மூலப்படத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்கேன் செய்ததைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும்.

3. முகத்தை வெளுக்காதீர்கள். துணியில் அச்சு காகிதத்தைவிட மங்கலாகவும் இருட்டாகவும் விழும். அதனால் முழுப்படத்தின் வெளிச்சத்தையும் கொஞ்சம் கூட்டத்தான் வேண்டும். ஆனால் கடையில் உட்கார்ந்திருக்கும் பையன் கேட்காமலே தாத்தாவின் முகத்தை மட்டும் தேய்த்துச் சிவப்பாக்கித் தருவான். பக்கத்திலேயே நின்று வேண்டாம் என்று சொல்லுங்கள். கறுத்த முகம் கறுத்த முகமாகவே பேரப்பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும். எழுபது, எண்பதுகளின் கலர்ப்படங்கள் செம்மை படர்ந்திருந்தால் அது வேறு: நீலச்சாயம் முதலில் மங்கியதால் வந்தது. அதைத் தாராளமாகச் சரிசெய்யலாம்.

4. அச்சு முறையைத் தெரிந்துகொண்டு பணம் கொடுங்கள். மக்கில் படம் போட்டுத் தரும் கடைகளில் பெரும்பாலும் சப்ளிமேஷன்தான் இருக்கும். ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகி பாலியெஸ்டர் இழைக்குள் புகும், பருத்தியில் பிடிக்காது. பாலியெஸ்டரோ நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது. டி.டி.எஃப். என்னும் ஃபிலிம் அச்சு பருத்தியிலும் வரும், ஆனால் துணிமேல் பிளாஸ்டிக் படலமாகத்தான் உட்காரும். கன்னம் வைத்தால் உறுத்தும், இஸ்திரிப்பெட்டி நேராகப் பட்டால் கெடும். பருத்தி இழையிலேயே மை ஊறும் டிஜிட்டல் அச்சுதான் போர்வைக்குச் சரி. வீட்டு இங்க்ஜெட்டில் செய்வதானால் பிக்மெண்ட் மை உள்ள பிரிண்டர் வேண்டும். சாதாரண டை மை தண்ணீரில் கலங்கிவிடும். எதுவானாலும் கைக்குட்டை அளவு ஒன்றை முதலில் அச்சடித்து, வீட்டில் போடுகிற சோப்பாலேயே மூன்று முறை துவைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.

5. வெயிலாலும் அச்சடிக்கலாம். எனக்கு மிகப் பிடித்த முறை இதுதான். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப். பழைய கட்டட வரைபடங்கள் நீலமாக இருந்ததும் இதனால்தான். ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இரண்டையும் தண்ணீரில் கரைத்து, வெயில் படாத அறையில் பருத்தித்துணியில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். படத்தின் நெகட்டிவை ஓ.எச்.பி. ஷீட்டில் பிரிண்ட் போட்டு, துணிமேல் வைத்து, மேலே கண்ணாடி அழுத்தி மாடிக்குக் கொண்டுபோங்கள். எங்கள் சேலையூர் மாடியில் சித்திரை வெயிலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு மஞ்சள் நீர் வடிவது நிற்கும்வரை அலசினால் நீலத்தில் முகம் தெளியும். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். சோடா கலந்த சோப்பு இந்த நீலத்தைக் கொன்றுவிடும். பூந்திக்கொட்டை நீர் போதும்.

6. புதுத்துணியைக் கஞ்சி போக அலசிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். கஞ்சி இருந்தால் மை ஊறாது. அலசாத துணி பிறகு சுருங்கி முகத்தைக் கோணலாக்கும்.

7. ஒற்றைக்கட்டில் போர்வைக்குப் பன்னிரண்டு படம் தாண்ட வேண்டாம். மீதி இடத்துக்குப் படத்தில் இருப்பவர்கள் உடுத்திய சேலை, வேட்டி, சட்டைத்துணி. படத்தை முகம் மட்டும் தெரியும்படி வெட்டிவிடாதீர்கள். பின்னால் நிற்கும் மீட்டர் கேஜ் ரயில்பெட்டி, கிறித்தவக் கல்லூரி மரம், ரயில்வே குவார்ட்டர்ஸ் திண்ணை எல்லாம் இருக்கட்டும். 1931-இல் மின்ரயில் வந்து வளர்ந்த ஊர் தாம்பரம். பிளாட்பாரத்தில் எடுத்த படம் இல்லாத வீடு குறைவு.

8. எந்தப் படம் எங்கே என்பதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். பெரியவர்கள் முகத்தில் கால் பட்டால் நம் வீடுகளில் மனசு ஒப்பாது. அப்புறம் போர்வை பீரோவுக்குப் போய்விடும். எனவே கால்மாட்டில் ஒன்றரை அடிக்குப் படமே இல்லாமல் வெறும் துணி விடுங்கள். பெரியவர்கள் தலைமாட்டில், பிள்ளைகள் நடுவில். தலைமாட்டு ஓரத்தில் சிறு பூ ஒன்று பின்னிவிட்டால் இருட்டிலும் தடவி அறியலாம். சாமி படம் போர்வைக்கு வேண்டாம். இறந்தவருக்கு மாலை போட்ட படத்தையும் எடுக்காதீர்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த படம் எங்கேயாவது இருக்கும், தேடுங்கள்.

9. பஞ்சு வைக்காதீர்கள். இலவம்பஞ்சு துவைத்தால் கட்டி கட்டியாகும். நம் மார்கழிக்கு அவ்வளவு கனமும் தேவையில்லை. கர்நாடகத்துக் கவுதியும் வங்காளத்துக் காந்தாவும் பழம்புடவைகளை அடுக்கித் தைத்தவைதான். நடுவில் ஒரு பழைய வேட்டி, அடியில் நைந்த நூல்சேலை, போதும்.

10. மெல்லிய ஊசி. முகத்தின்மேல் தையல் ஓடக்கூடாது. சுற்றி, பின்னணிக்குள் ஓட்டுத்தையல் போடுங்கள். படத்தில் குத்திய குண்டூசியின் துளை மறையாது, ஓரத்தில் மட்டும் குத்துங்கள்.

11. பின்பக்கத்தில் ஒரு வெள்ளைத்துணித் துண்டு தைத்து, படத்தில் இருப்பவர் பெயர், ஊர், ஆண்டு, தைத்தவர் பெயர், துவைக்கும் விதம் எல்லாம் எழுதுங்கள். குளிர்ந்த நீர், நிழலில் உலர்த்தல், இஸ்திரி பின்பக்கம். பேனா மை போய்விடும், நூலால் எழுதுங்கள். பெயர் தெரியாத முகம் இருந்தால் வீட்டில் மூத்தவரிடம் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.