கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் எவ்வளவு தூரம்?

மத்திய கிழக்குக்குப் போகிற பிள்ளைகளின் விமான டிக்கட்டை வீட்டார் எங்களிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. "காலையில பத்து மணிக்கு ஏறி பகல் ஒன்னேகாலுக்கு எறங்குதாம். மூணேகால் மணித்தியாலந்தானே?" என்று கேட்பார்கள். கணக்கு அப்படி அல்ல.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். அட்டனுக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையில் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 85 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் மலைப்பாதை வளைந்து வளைந்து 130ஐத் தாண்டிவிடும். வேனில் நாலைந்து மணித்தியாலம் பிடிக்கும். விமானத்துக்கு மலையுமில்லை, வளைவுமில்லை. கிட்டத்தட்ட நேர்கோட்டிலேயே போகும். அப்படி அளந்தால் கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் சுமார் 3,300 கிலோமீட்டர், குவைத் சுமார் 4,140 கிலோமீட்டர். சென்னையோ 650 கிலோமீட்டர்கூட இல்லை.

பெரிய ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் பறக்கும். 3,300ஐ 850ஆல் வகுத்தால் நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, ஓடுபாதைக்குப் போகவும் நேரம் எடுக்கும். ஆகையால் டுபாய்க்கு நாலரை முதல் ஐந்து மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டனிலிருந்து விமான நிலையம் போக எடுக்கும் அதே நேரந்தான்!

அப்படியென்றால் டிக்கட்டில் ஏன் மூணேகால்? டிக்கட்டில் புறப்படும் நேரம் இலங்கை நேரம், இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. சவூதியும் குவைத்தும் இரண்டரை மணித்தியாலம் பிந்தியவை. மூணேகாலோடு ஒன்றரையைக் கூட்டுங்கள், நாலேமுக்கால் வரும். அதுதான் பறக்கும் நேரம்.

போன் விஷயத்திலும் இதே கணக்குத்தான். குவைத்தில் வீட்டு வேலை முடித்து இரவு பத்து மணிக்குப் பிள்ளை கோல் எடுத்தால் இங்கே நடுச்சாமம் பன்னிரண்டரை. எட்டு மணிக்கே எடுக்கவில்லையே என்று தாய்மார் கோபிப்பதில் நியாயமில்லை. அங்கே அப்போது மாலை ஐந்தரைதான், பிள்ளை குசினியில் நிற்கும் நேரம்.

திரும்பி வரும்போதுதான் அதிகம் கவனம் வேண்டும். 14ஆம் திகதி இரவு பத்து மணிக்கு டுபாயில் ஏறுகிறவர் 15ஆம் திகதி விடியற்காலை நாலு மணியளவில்தான் இங்கே இறங்குவார். வேனை 14ஆம் திகதி இரவு உணவுக்குப் பிறகு அனுப்பினால் போதும். பகலிலேயே அனுப்பினால் காத்திருப்புக் கூலி வீண். 15ஆம் திகதி இரவு அனுப்பினாலோ பெட்டியோடு பிள்ளை ஒருநாள் முழுக்கத் தனியே நிற்க வேண்டும். டிக்கட்டில் புறப்படும் திகதியை விட்டுவிட்டு, இறங்கும் திகதியை டிரைவரிடம் எழுதிக் கொடுங்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: கட்டுநாயக்கவில் மாலை 6.40க்கு ஏறி, குவைத்தில் இரவு 9.55க்கு இறங்கினால் பறந்த நேரம் எவ்வளவு? (விடை: 5 மணித்தியாலம் 45 நிமிடம்)