லொறிகளின் கரும்புகையும் டீசல் விரயமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வெங்காயமும் மரக்கறியும் ஏ-9 வீதி வழியே தெற்கே செல்வது பெரும்பாலும் டீசல் லொறிகளிலேயாகும். பாரத்துக்கு இழுவை போதவில்லையெனக் கருதி, எரிபொருட் பம்பின் முத்திரையை உடைத்து, அளவுத் திருகாணியை முறுக்கிவிடுவோர் உளர். அதனால் வரும் வீண்செலவு ஈற்றிற் கூலியாகக் கமக்காரர் தலையிலேயே விழும்.

1 கிலோ டீசல் முற்றாக எரிய ஏறக்குறைய 14½ கிலோ காற்று வேண்டும். புகையின்றி எரிய இன்னும் மிகுதியாக வேண்டும். காற்றின்றிக் கூட்டிய டீசல் கரும்புகையாகவே போகும். வெப்பமும் மிகுந்து ஆடுதண்டின் தலை உருகவுங் கூடும்.

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டிற் காப்புரிமை கோரிய முறையின் வழிவந்ததே டர்போ. வெளியேறும் சூடான வாயுவாற் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே செலுத்துவது அதன் தொழில். ஆயினும் வண்டி புறப்படும்போது அவ்வமுக்கம் உடனே எழாது. ஆகவே பழைய பம்புகள் பலவற்றில் ஒரு சவ்வு வைக்கப்பட்டுள்ளது. அமுக்கம் ஏறுந்தோறும் அது விற்சுருளைத் தள்ளி டீசலைக் கூட்டும், ஏறாதவரை மட்டுப்படுத்தும். சவ்வு கிழிந்தாலோ காற்றுக்குழாய் கசிந்தாலோ லொறி இழுக்காது. அப்போது திருத்தவேண்டியது அவற்றையே, திருகாணியை அன்று.

தோட்டக் கிணற்றில் நீரிறைக்கும் சிறிய டீசல் இயந்திரத்துக்கு டர்போவும் இல்லை, சவ்வும் இல்லை. அது கரும்புகை கக்கினால் முதலிற் கழற்றிப் பார்க்கவேண்டியது காற்றுவடியை. வலிகாமத்துச் செம்மண் தூசு அதனை விரைவில் அடைத்துவிடும்.