தென்னை நார்த்தூளில் செடி வளர்ப்போம்

புனே நகரத்தை ஒட்டி இருக்கிறது பிம்ப்ரி. தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். பிழைப்புத் தேடிப் போன தமிழர்கள் பலர் அங்கே வாழ்கிறார்கள்.

அங்கே ஒரு குடும்பம். பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்து போனவர்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். ஒரே அறை. அறைக்கு வெளியே சின்னத் தாழ்வாரம். அங்கே பழைய வாளிகளில் அந்தப் பெண் தக்காளி, மிளகாய், வெந்தயக்கீரை வளர்ப்பாள்.

அவளுக்குத் தண்ணீர்தான் கவலை. பவனா அணைத் தண்ணீரை நம்பி இருக்கும் ஊர் அது. 2019 நவம்பரில் மாநகராட்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடும் முறையைத் தொடங்கியது. குழாயில் வரும் அன்று பிடித்து வைக்க வேண்டும். குடிக்க, சமைக்க, துவைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். மீந்தால்தான் செடிக்கு.

ஏப்ரல் வெயிலில் வாளியில் இருந்த கரிசல் மண் காய்ந்து வெடித்தது. செடிகள் வாடின.

"கோகோபீட் போடுங்கள். தண்ணீர் மிச்சமாகும்" என்றார் ஒரு கடைக்காரர்.

சேர்த்து வைத்த காசில் அவள் ஒரு கட்டி வாங்கினாள். தண்ணீரில் போட்டாள். செங்கல் போல் இருந்த கட்டி ஊறி, வாளி நிறையப் பொங்கியது. அதை அப்படியே வாளிகளில் நிரப்பினாள். மண் போடவில்லை. எரு போடவில்லை. தக்காளி நாற்று நட்டாள். மேலே காய்ந்து தெரிந்த போதெல்லாம் தண்ணீர் ஊற்றினாள். சமைக்க வைத்திருந்த தண்ணீரைக் கூட ஒரு நாள் ஊற்றினாள்.

மூன்று வாரம் ஆனது. இலைகள் மஞ்சளாகின. இலை ஓரம் கருகியது. செடிகள் செத்தன.

அத்தை சொன்ன கதை

அந்தச் சமயம் ஊரில் இருந்து மாமியார் வந்தார்.

"காசு போட்டு வாங்கினேன். செடி எல்லாம் போச்சுங்க அத்தை" என்றாள் மருமகள்.

மாமியார் தூளைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிரித்தார்.

"ஏங்கண்ணு, இது நம்மூர் மட்டைத்தூள்தானே! நார் மில்லுக்கு வெளியே மலை மாதிரிக் கொட்டிக் கிடக்கும். அந்தக் காலத்தில் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆள் இருக்காது. இதையா காசுக்கு வாங்கினே?"

அவர் சொன்னது உண்மைதான். தேங்காய் மட்டையில் இருந்து 1 கிலோ நார் எடுத்தால், சுமார் 2 கிலோ தூள் மிஞ்சும். இது சீக்கிரம் மட்காது. அதனால் வருடக் கணக்கில் குவிந்து கிடந்தது.

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி சொன்னது. நாம் சாப்பிடும் சிப்பிக்காளான் இருக்கிறதே, அதன் வித்து இந்தத் தூளை மட்க வைக்கும். 1 டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும், ஒன்றரைக் கிலோ காளான் வித்தும் போதும். தூளை அடுக்கு அடுக்காகப் பரப்பி, நடுவில் ஒரு அடுக்குக்கு வித்து, அடுத்த அடுக்குக்கு யூரியா என்று மாற்றி மாற்றித் தூவ வேண்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுமார் 2 மாதத்தில் நிறம் கறுத்து எருவாகும். மில்காரர்களும் பெரிய விவசாயிகளும் செய்யும் முறை இது.

மட்காத தூளைக் கழுவி, காய வைத்து, அழுத்திக் கட்டியாக்கியும் விற்கிறார்கள். வெளிநாட்டுக்கும் போகிறது. அதற்குத்தான் கோகோபீட் என்று பெயர்.

செடி ஏன் செத்தது?

"நல்ல பொருள்தான் என்றால் என் செடி ஏன் செத்தது அத்தை?" என்று கேட்டாள் மருமகள்.

மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, உப்பு. தேங்காய் மட்டையில் இயற்கையாகவே உப்பு உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் அதிகம். கழுவாத தூளில் நட்டால் வேர் தாங்காது. இலை ஓரம் கருகும்.

இரண்டு, பசி. இந்தத் தூளில் செடிக்கு வேண்டிய சத்து மிகக் குறைவு. முக்கியமாகத் தழைச்சத்து மிகக் குறைவு. இலை மஞ்சளானது அதனால்தான்.

மூன்று, ஈரம். தூள் தன் எடையைப் போல் 5 மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேலே காய்ந்து தெரியும். உள்ளே ஈரமாக இருக்கும். அது தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகும்.

மாமியார் ஒரே வரியில் சொன்னார்:

"இது தண்ணியைப் பிடிச்சு வைக்கும் கண்ணு. சோறு போடாது. சோறு நாமதான் போடணும்."

எப்படிச் செய்வது?

மாமியாரும் மருமகளும் மறுபடி தொடங்கினார்கள்.

1. வாங்கும் போது, "இது கழுவிய தூளா?" என்று கேட்க வேண்டும். கழுவிய தூள் என்றால் பொட்டலத்தில் 'லோ ஈ.சி.' என்று போட்டிருப்பார்கள். உப்புக் குறைவு என்று அதற்குப் பொருள்.

2. கழுவாத தூள் என்றால் ஊற வைத்து, பழைய துணியில் கட்டிப் பிழிய வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டும். பிழிந்த தண்ணீரில் உப்பு இருக்கும். அதைச் செடிக்கு ஊற்றக் கூடாது. கழிவறை கழுவ வைத்துக்கொள்ளலாம். மழைக்காலம் என்றால் சாக்கில் கட்டி மழையில் வைத்தாலே போதும்.

3. காய்ந்த தூளை உதிர்க்கும் போது மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். தூசி இருமலைத் தரும்.

4. வாளியின் அடியில் ஓட்டைகள் போட வேண்டும். ஓட்டை மேல் தேங்காய்க் குடுமியைப் பிய்த்து வைக்கலாம். தண்ணீர் வடியும். மண் வெளியே போகாது.

5. தூள் ஒரு பங்கு, மண் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு. மூன்றையும் கலந்து நிரப்ப வேண்டும். பிம்ப்ரியின் கரிசல் மண் இறுகிப் போகும். தூள் சேர்ந்தால் அது பொலபொலவென்று ஆகும்.

6. 15 நாளுக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி எரு போட வேண்டும்.

7. தண்ணீர் ஊற்றும் முன் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றலாம்.

நோட்டில் ஒரு கணக்கு

மருமகள் அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றிருந்தாள். தண்ணீர் ஊற்றிய தேதியை நோட்டில் எழுதி வந்தாள். முன்பு தினமும் ஊற்றுவாள். இப்போது நோட்டில் ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி இருந்தது. கடும் வெயிலில் மட்டும் ஒரு நாள் இடைவெளி. குழாயில் தண்ணீர் வராத நாளில் செடி வாடவில்லை. சமையல் தண்ணீரில் கை வைக்கவும் தேவைப்படவில்லை.

முதலில் வெந்தயக்கீரை வந்தது. பிறகு தக்காளி பூத்தது.

மாமியார் ஊருக்குக் கிளம்பும் நாளில், வீட்டுத் தக்காளியில் ரசம் வைத்தாள் மருமகள்.

"செத்த செடிக்காக வருத்தப்படாதே கண்ணு. அது செத்ததால்தானே ஏன் என்று கேட்டே?" என்றார் மாமியார்.

யோசித்துப் பாருங்கள்

1. தூளை ஏன் கழுவ வேண்டும்?
2. 'தண்ணியைப் பிடிக்கும், சோறு போடாது' என்றால் என்ன பொருள்?
3. மேலே காய்ந்து தெரிந்தால் உடனே தண்ணீர் ஊற்றலாமா?

செய்து பாருங்கள்

ஒரு வாளியில் வெறும் மண். இன்னொரு வாளியில் மூன்று பங்குக் கலவை. இரண்டிலும் வெந்தயம் தூவுங்கள். தண்ணீர் ஊற்றும் தேதிகளை நோட்டில் எழுதுங்கள். எந்த வாளி குறைவாகக் குடிக்கிறது என்று பாருங்கள்.