ரிசைன் லெட்டருக்கு முன்னால் பாஸ்புக்

அம்பத்தூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பல வருஷம் பி.எப். கணக்கு என் மேசையில்தான் இருந்தது. லேத் ஓட்டிய அண்ணன் ஒருவர் 58 முடிந்து விடைபெற வந்தார். சால்வை, பழத்தட்டு எல்லாம் ஆனபிறகு, "பென்ஷன் எவ்வளவு தம்பி வரும்?" என்றார்.

சர்வீஸ் ஒன்பது வருஷம் இரண்டு மாதம். பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் முழு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள், ஆகவே ஒன்பதரை இருந்தாலே தாண்டிவிடலாம். நாலு மாதம் இடித்தது. இத்தனைக்கும் 2014-க்கு முன்பு ஓசூரில் நாலு வருஷம் வேலை பார்த்தவர். அங்கிருந்து கிளம்பும்போது, தங்கை கல்யாணச் செலவுக்கு பி.எப்.போடு பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டார். அந்தப் பங்காகக் கைக்கு வந்தது பதினாறாயிரத்தை ஒட்டி. எடுக்காமல் விட்டிருந்தால் மாதம் சுமார் 2,300 ரூபாய், சாகும்வரை. அவருக்குப் பிறகு மனைவிக்கு அதில் பாதி.

தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு அரசு தரும் பென்ஷன் 1995 நவம்பர் 16 முதல் நடக்கும் இ.பி.எஸ். திட்டம். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் அப்படியே பி.எப்.புக்குப் போகிறது. முதலாளி போடும் 12-இல் 8.33 சதவீதம் பென்ஷன் பக்கம் திரும்புகிறது. 15,000 ரூபாய்க்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் 15,000-க்குத்தான் கணக்கு. அதாவது மாதம் 1,250. இந்த உச்சவரம்பு 2014 செப்டம்பரில் வந்தது, அதற்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500.

கணக்கு சுலபம். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இருபது வருஷம் முடித்தவர்களுக்கு இரண்டு வருஷம் இனாம். இன்று 25 வயதில் சேர்ந்து 58 வரை விடாமல் இருப்பவருக்கு 33-உம் 2-உம் சேர்ந்து 35. இன்றைய உச்சவரம்பில் மாதம் 7,500 வரும்.

கவனித்தீர்களா, பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. வருஷம்தான் வருகிறது. வேலை மாறுகிறவர்கள் கோட்டை விடும் இடமும் இதுதான். ஃபார்ம் 10சி போட்டால், குத்துமதிப்பாக வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று (அதுவும் உச்சவரம்புக்கு உட்பட்டு) கையில் கொடுத்து, அந்த சர்வீஸை அழித்துவிடுவார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. 2014 செப்டம்பருக்குப் பிறகு, அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருக்கும்போது புதிதாகச் சேர்பவருக்கு இ.பி.எஸ். கிடையாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் எவ்வளவு சம்பளத்துக்குப் போனாலும் தொடரலாம். பங்கை எடுத்து வெளியே வந்துவிட்டால், அடுத்த வேலையில் நீங்களும் புது ஆள். கதவு திறக்காது.

ஆகவே வேலை மாறும்போது பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். கொஞ்ச காலம் வேலையே இருக்காது என்றால், 10சி ஃபார்மிலேயே பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் கேட்கலாம். உங்கள் சர்வீஸ் அந்தத் தாளில் பத்திரமாக இருக்கும். டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பூஜ்யம் காட்டும். பதறி என்னிடம் ஓடிவந்தவர்கள் ஏராளம். பணம் எங்கும் போகவில்லை. அங்கே மாறுவது வருஷங்கள்தான், அவற்றை சர்வீஸ் ஹிஸ்டரியில் பாருங்கள்.

பார்க்கும்போதே வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது காலியாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் நகராது. கம்பெனி ஏற்றாவிட்டால், கடைசி மாதச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஏற்றலாம்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். பி.எப்.பில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பேங்கில் இனிஷியலே இல்லை. ஒரே ஆள், மூன்று பெயர்! கிளெய்ம் திரும்பி வருவதற்கு இது போதும். சில திருத்தங்களுக்குக் கம்பெனியின் ஒப்புதலும் தேவைப்படும். கம்பெனி ஷட்டரை இழுத்து மூடிவிட்டால் யாரிடம் போய் நிற்பீர்கள்? வேலையில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது வயதிலிருந்தே பென்ஷன் வாங்கலாம்தான். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அதுவும் நிரந்தரமாக. ரொம்ப முடியாத நிலை என்றாலொழிய நான் சொல்லமாட்டேன். மாறாக 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும்.

7,500-ஐ வைத்துச் சென்னையில் வீட்டு வாடகைகூடக் கட்ட முடியாது. அரசு ஊழியர் பென்ஷன்போல இதற்கு அகவிலைப்படியும் கிடையாது. குடும்பம் ஓடுவது பி.எப்., கிராஜுவிட்டி மொத்தத் தொகையில்தான். அதை மகன் கார் வாங்குவதற்குள் தபால் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. அந்தக் கணக்கில் பத்து லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 வரும். வயது 60 ஆகவேண்டும் என்பது பொது விதி. 58-இல் ஓய்வு பெற்றவர் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் காத்திருக்க வேண்டாம்.

அந்த அண்ணன் அடுத்த மாதம் மறுபடியும் வந்தார், மகனைக் கூட்டிக்கொண்டு. ஸ்ரீபெரும்புதூரில் பையனுக்கு அது மூன்றாவது வேலை. போனில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தோம். இரண்டாவது கம்பெனியின் வெளியேறிய தேதி காலி. "இப்பவே ஏத்துடா" என்றார். ஓ.டி.பி. வரும்வரை மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.