கடைசியாக ஓடி வருபவரைப் பாருங்கள்

தெமட்டகொடையில் இருந்துகொண்டு ஓடப் பழக நினைப்பவருக்கு முதல் தடை பேஸ்லைன் வீதிதான். விடிந்தால் பஸ்ஸும் லொறியும் ஓட்டோவும் இடம் விடாது. ஆகவே வெளியே போகத்தான் வேண்டும். பொரளைப் பக்கம் கெம்பல் பார்க், வடக்கே சுகததாச விளையாட்டரங்கு, கொழும்பு 7இல் சுதந்திர சதுக்கமும் விகாரமகாதேவி பூங்காவும், கடற்காற்று வேண்டுமென்றால் காலிமுகத்திடல், சற்றுத் தூரம் போக முடிந்தால் பத்தரமுல்லை தியத்த உயன. குழுவாக ஓடுகிறவர்கள் தேடிப் போவதும் இப்படியான இடங்களைத்தான்.

எந்தக் குழுவில் சேர்வது? வேலைக்குப் போகிறவர் முதலில் நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். காலை 5 மணிக்குப் பத்தரமுல்லையில் கூடும் குழு பெயர் பெற்றதாக இருக்கலாம். ஆனால் எட்டரைக்குக் கந்தோரில் விரலடையாளம் வைக்க வேண்டியவர், ஓடி முடித்து, வீட்டுக்கு வந்து குளித்து, பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டுக் கந்தோருக்கு ஓடினால் ஒரு மாதம் தாங்குவார். அதன்பின் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார். கிழமை நாட்களில் வீட்டுக்கோ கந்தோருக்கோ பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் தூரத்தில். இதுதான் சரிவரும். ஷிப்ட் வேலைக்காரர் மாலைக் குழுவைத் தேடுங்கள். இரவு வேலை முடித்த கையோடு ஓடப் போகாதீர்கள்.

சேர்வதற்கு முன் ஒருநாள் போய்ச் சும்மா நின்று பாருங்கள். முன்னால் பறக்கிறவர்கள் எல்லாக் குழுவிலும் ஒரே மாதிரிதான். கடைசியாக வருகிறவரைக் கவனியுங்கள். அவரோடு யாராவது கூடவே ஓடி வருகிறார்களா? புறப்படும்போது தலை எண்ணியவர் முடிவிலும் எண்ணுகிறாரா? மூச்சு வாங்கிக்கொண்டு அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் கால் நீட்டிப் பயிற்சி செய்துகொண்டு நிற்கிறார்களா, இல்லை பைக்கில் ஏறிப் போய்விட்டார்களா? அந்தக் கடைசி ஆளின் இடம்தான் முதல் இரண்டு மாதமும் உங்களுடையது.

பிறகு பொறுப்பாளரிடம் கேளுங்கள்: “இடையிடையே நடக்கலாமா?” கேள்வியைக் கேட்டுச் சிரித்தால் அந்த இடம் உங்களுக்கானதல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீற்றர் ஓடிய ஜெஃப் கலோவேதான் ஓட்டத்துக்கு நடுவே நடை வைக்கும் முறையைப் பரப்பியவர். உலகெங்கும் புதியவர்கள் பின்பற்றும் ‘கவுச் டு 5கே’ திட்டமும் நடையில்தான் தொடங்குகிறது: வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் போல, ஒன்பது வாரம். முதல் நாளே 5 கிலோமீற்றர் ஓட வைக்கும் குழு உங்கள் முழங்காலைப் பற்றி யோசிக்கவில்லை.

வேகத்துக்கு ஓர் எளிய அளவு: பக்கத்தில் வருகிறவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். கொழும்பின் விடியற்காலை குளிராகத் தோன்றினாலும் ஈரப்பதன் மிகவும் கூடிய நேரம் அதுதான். வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. நீரிழிவு, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஹேஷ் என்ற பெயரையும் கேள்விப்படுவீர்கள். 1938இல் கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய விளையாட்டு அது. போட்டுவைத்த தடயத்தைப் பின்பற்றி ஓடுவது. கொழும்பிலும் உண்டு. ஓட்டம் முடிந்தால் பியர் வரும். பிடிக்காதவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பெண்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: குழுவில் வேறு பெண்கள் தவறாமல் வருகிறார்களா, இருட்டில் கூடும்போது வந்துபோக யார் துணை? நோன்பு மாதத்தில் நேரத்தை மாற்றுவார்களா என்பதைத் தெமட்டகொடையில் பலர் கேட்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் குழு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஓடினால் தயங்காதீர்கள். நேரமும் இடமும் விளங்கினால் போதும், மீதி ஓடும்போது பழகிவிடும்.

காசைப் பொறுத்தவரை, புதியவர் சந்தா கட்டித்தான் தொடங்க வேண்டுமென்றில்லை. பெரிய குழுதான் வேண்டுமென்றும் இல்லை. 2006இல் உருவான சென்னை ரன்னர்ஸ் என்ற ஓட்டக் குழுவும் பேட்டைக்குப் பேட்டை கிளை பரப்பித்தான் வளர்ந்தது. உங்கள் ஒழுங்கையில் நான்கு பேர் சேர்ந்தால் அதுவும் குழுதான். செலவழிப்பதென்றால் சப்பாத்துக்குச் செலவழியுங்கள், டீசேர்ட்டுக்கு அல்ல. வேலை செய்யும் கம்பனியில் விளையாட்டுக் கழகம் இருந்தால் அதையும் விசாரியுங்கள். வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிகள் கொழும்பில் நெடுநாளாக நடக்கின்றன.

வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு சொல்: பக்கத்தில் ஓடுகிறவர் ஒரு வங்கி முகாமையாளராகவும் இருக்கலாம். முதல் நாளே வேலை விண்ணப்பத்தைப் பற்றிக் கதைக்காதீர்கள். மூன்று மாதம் ஒழுங்காக நேரத்துக்கு வருகிறவரைப் பற்றி அவரே விசாரிப்பார்.

இரண்டு குழுக்களுக்கு இடையில் மனம் ஊசலாடினால், பஸ் மாறாமல் போய்ச்சேரக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள்.