குடல் கற்கும் பொறுமை

அன்புள்ள தம்பிக்கு,

இந்த மாத இதழில் நீ எழுதிய 'வயிற்றுக்குள் ஒரு காவல்படை' கட்டுரையைப் படித்தேன். குடல் சுவரில் காவல் காக்கும் பேயர் திட்டுகள், நுண்ணுயிர்க் கூட்டம், ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புரதம் பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு எரிச்சல் மூட்டிய இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, "எதிர்ப்பு சக்தி கூடும்" என்று நீ மூச்சுக்கு மூச்சு எழுதுவது. மோர் குடித்தால் கூடும், பூண்டு தின்றால் கூடும், வாழைப்பூ சமைத்தால் கூடும். ஆஸ்துமா, கரப்பான், முடக்குவாதம் என்று உன் ஓ.பி.யில் வந்து உட்காருகிறார்களே, அவர்களுக்கெல்லாம் எதிர்ப்பு குறைந்தா போயிற்று? காட்டக் கூடாத இடத்தில் எதிர்ப்பைக் காட்டுவதுதானே அவர்களுடைய நோய்! மூன்று வேளையும் அந்நியப் புரதம் குடலுக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு கவளத்தோடும் உடம்பு சண்டைக்கு நின்றால் மனிதன் சாப்பிடவே முடியாது. எதைத் தாக்குவது என்பதைவிட எதைச் சும்மா விடுவது என்று பழகுவதுதான் குடலுக்குப் பெரிய வேலை. நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது பியூட்டிரேட் உண்டாகிறது, அது ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்குகிறது என்று நீயே அழகாக விளக்கியிருக்கிறாய். அவை எதிர்ப்பை அடக்கி வைக்கும் செல்கள். அதை எழுதிய கையோடு "ஆகவே எதிர்ப்பு சக்தி கூடும்" என்று முடித்தால் எப்படி?

இரண்டாவது, சுண்டெலி. பியூட்டிரேட் பற்றி 2013இல் வந்த அந்த ஆய்வுகள் சுண்டெலிகளில் நடந்தவை. உன் கட்டுரையில் எலியையே காணோம். மனிதர்களிடம் நடந்த ஆய்வு வேண்டுமா? ஸ்டான்ஃபோர்டு குழு 2021இல் வெளியிட்டதை எடுத்திருக்கலாம். 36 பேர், 10 வார உணவுமுறை. தயிர், கெஃபிர், கிம்ச்சி என்று புளித்த உணவை நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தைக் கூட்டிச் சாப்பிட்டவர்களிடம் அப்படி ஒட்டுமொத்தமான குறைவு தெரியவில்லை. நார்ச்சத்தைத் தூக்கிப் பிடிக்கும் கட்டுரைக்கு இது இடைஞ்சல்தான். அந்த இடைஞ்சலையும் சேர்த்துச் சொன்னால்தான் வாசகர் உன்னை நம்புவார்.

இனி நான் எங்கே போனாலும் பேசுகிற வேலூர்க் கதைக்கு வருகிறேன். போலியோ சொட்டு மருந்தை மூன்று தவணை கொடுத்த பிறகும் நம் பிள்ளைகள் பலருக்குப் பாதுகாப்பு உண்டாகவில்லை என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே எடுத்துக்காட்டினார். ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தும் அதே கதைதான். டெல்லி, புணே, வேலூர் மூன்று இடங்களிலும் சோதிக்கப்பட்ட ரோட்டாவாக், கடுமையான ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கை முதல் வயதில் சுமார் 56 விழுக்காடு தடுத்தது. பணக்கார நாடுகளில் இவ்வகை மருந்துகள் 85 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கின்றன. காரணங்கள் பல. அசுத்தமான தண்ணீரால் திரும்பத் திரும்பத் தொற்று வந்து, குடலுறிஞ்சிகள் மழுங்கி, ஓயாத அழற்சியில் கிடக்கும் குடல் அவற்றில் ஒன்று என்று கருதப்படுகிறது. அந்தக் குடலுக்கு மோரும் பூண்டும் எந்த மூலைக்கு?

வார்டில் நான் பார்த்த தாய்மார்கள் நினைவுக்கு வருகிறார்கள். கண் உள்ளே போய், கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் மடிந்தபடியே நிற்கும் பிள்ளைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே, "நல்லாத்தான் சார் சாப்பிடுது, உடம்புலதான் ஒட்ட மாட்டேங்குது" என்பார்கள். பொய்யில்லை. டாக்கா மீர்ப்பூரில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வைப் படித்தபோது அந்த அம்மாக்கள்தான் முன்னால் நின்றார்கள். கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை, வாழைக்காய் என்ற நான்கையும் கொண்டு, குடல் நுண்ணுயிர்களைச் சீராக்கும் நோக்கத்துடன் ஓர் உணவு தயாரித்தார்கள். வழக்கமான ஊட்ட உணவைவிட அதில் கலோரி குறைவு. ஆனாலும் மெலிந்த குழந்தைகளின் எடை கூடுதல் வேகத்தில் ஏறியது. நான்கும் நம் தெருக் கடையில் கிடைப்பவை.

உன் கட்டுரையில் தாய்ப்பாலைப் பற்றிய பத்திக்கு மட்டும் நான் என்ன கொடுத்தாலும் தகும். குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைகளைத் தாய் ஏன் சுரக்கிறாள் என்று கேட்டு, அது பிஃபிடோ பாக்டீரியாவுக்கு அவள் வைக்கும் படையல் என்று முடித்தாயே! தமிழில் இதை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைத்த காலத்தில் இந்தப் பத்தி என் கையில் இருந்திருந்தால், அச்சடித்துப் பிரசவ வார்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருப்பேன்.

இப்படி எழுதத் தெரிந்தவன் புரோபயாட்டிக் மாத்திரை வாங்க வசதி உள்ளவர்களுக்காக மட்டும் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்த கட்டுரையை அங்கன்வாடி ஊழியர் ஒருவர் படிப்பார் என்று நினைத்து எழுது. குழாய்த் தண்ணீர், கழிப்பறை, தடுப்பு மருந்து, சுண்டல் நான்கையும் ஒரே கட்டுரையில் கொண்டுவா. அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பு.

உன் பழைய வாத்தியார்