உட்கருவைத் துறந்த செல்

விலங்கு செல்லின் படத்தை வரையாத அறிவியல் மாணவர் நம்முள் எவரும் இலர். செல் சவ்வு, நடுவே உட்கரு, சுற்றிலும் மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம்கள், கோல்கை உறுப்புகள். பாகங்களைக் குறித்துவிட்டால் மதிப்பெண் உறுதி. ஆனால் அப்படத்தில் உள்ளவாறே அமைந்த செல்லை நம் உடலில் காண்பது அரிது. பல செல்களின் பொது அம்சங்களைத் தொகுத்து வரைந்த படம் அது. எலும்புத் தசையின் ஒரே செல்லில் பல உட்கருக்கள் உண்டு. சில நரம்புச் செல்களின் நீட்சியோ ஒரு மீட்டர் வரை செல்கிறது. வேலைக்கு ஏற்பவே செல்லின் அமைப்பு. இதற்கு இரத்தச் சிவப்பணுவை விடச் சிறந்த சான்று இல்லை என்பது என் எண்ணம்.

செல்லை ஆள்வது உட்கரு என்று படிக்கிறோம். மனிதரின் சிவப்பணுவோ எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பின்னர் மைட்டோகாண்ட்ரியாவும் ரைபோசோம்களும் மறைகின்றன. எஞ்சுவது ஒரு சவ்வுப் பையும் அதனுள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளுமே. ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 இரும்பு அணுக்கள். பிராணவாயு ஏறி அமரும் இடம் அந்த இரும்புதான்.

மைட்டோகாண்ட்ரியா இல்லாததிலும் ஒரு நன்மை உண்டு. பிராணவாயுவைச் செலவிட்டு ஆற்றல் தருவது அவ்வுறுப்பே. அது இல்லாததால் சிவப்பணு தன் தேவைக்குக் குளுக்கோஸைப் பிராணவாயு இன்றியே சிதைத்துக்கொள்கிறது. நெல் மூட்டை சுமப்பவர் அதிலிருந்து ஒரு பிடியும் எடுக்காதது போல! அதன் விட்டம் 7 முதல் 8 மைக்ரான் வரை. இரு பக்கமும் குழிந்த வடிவமாதலால், தன்னினும் குறுகிய நுண்குழல்களிலும் வளைந்து நுழைந்துவிடும்.

இதற்குரிய விலை ஆயுள். உட்கரு இன்றிப் புதிய புரதம் ஆக்கவோ, பிரிந்து பெருகவோ இயலாது. சுமார் 120 நாட்களில் மண்ணீரல், கல்லீரலிலுள்ள விழுங்கு செல்கள் அதனைச் சிதைக்க, இரும்பு மட்டும் மீண்டும் மஜ்ஜைக்குச் செல்கிறது. (கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. நண்பர்கள் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.)

என் தாயார் நடவு வேலைக்குச் செல்பவர். "ஒடம்புல ரத்தமே இல்லையாம்" என்று மருத்துவமனையிலிருந்து வந்து கூறினார். குறைந்தது இரத்தமன்று, ஹீமோகுளோபின். கருவுறாத பெண்களுக்கு 100 மில்லி இரத்தத்தில் அது 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை. கொடுத்த இரும்பு மாத்திரையை நான்காம் நாளே நிறுத்திவிட்டார். மலம் கறுத்ததால் அச்சம். எங்கள் வீட்டில் இதையெல்லாம் படித்து விளக்க எனக்கு முன் எவரும் இல்லை. உடல் ஏற்காத இரும்பே அந்தக் கறுப்பு என்றேன். சில மாதங்கள் விழுங்க வேண்டியது ஏன் என்றும் கேட்டார். பழைய அணுக்கள் நாள்தோறும் கழிகின்றன, புதியவை இரும்போடு பிறக்க வேண்டும், பிறகு உடலின் இருப்பும் நிரம்ப வேண்டும் என்றேன்.

மாத்திரை இப்போது தவறுவதில்லை. தேநீர் இரும்பைக் குடலில் ஏறவிடாது என்பதை மட்டும் அவர் நம்ப மறுக்கிறார். இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.